எண்பதுக்குச் சொன்ன சரி

எங்கள் கேப்டன் இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறவர். எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாது. "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சரின்னுதான் சொல்வாரு" என்று அவர் மனைவியே கேலி செய்வார்.

அன்று தொடர்ந்து ஐந்தாவது நாளாக எங்கள் இருவருக்கும் அதிகாலைப் பயணம். ஓடுபாதையில் வேகம் எண்பதைத் தொட்டதும் துணை விமானியான நான் உரக்கச் சொல்ல வேண்டும். கேப்டன் தன் பக்கத்து வேகமானியும் அதையே காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுச் "சரி" என்று சொல்ல வேண்டும்.

"எண்பது" என்றேன்.

"சரி" என்றார்.

அந்தச் சரி கொஞ்சம் சீக்கிரமாக வந்த மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தேன். அவர் பக்கத்து முள் எழும்பாமல் படுத்தே கிடந்தது.

"சார், நிறுத்துங்க. உங்க மீட்டர் ஓடல."

பிரேக் புகைய, பாதி ஓடுபாதையில் நின்றோம்.

மெக்கானிக் வெளியே இருந்த, வேகத்தை அளக்கும் காற்றுக்குழாயிலிருந்து குளவிக்கூட்டைச் சுரண்டி எடுத்தார். "பத்து நிமிஷ வேலைதான் சார்."

பழியைக் குளவிமேல் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். கேப்டன் அறிக்கையில் குளவிக்கு ஒரு வரிதான் கொடுத்தார். அடுத்த வரியில், "நான் பார்க்காமலே சரி என்றேன். கண் திறந்திருந்தது, விழிப்பு இல்லை" என்று எழுதினார்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து போன். "வேற விமானம் ரெடி சார். நீங்களே எடுத்துட்டுப் போயிடுறீங்களா?"

"முடியாது. நான் தூங்கணும்" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "நீ எப்படிம்மா இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.