எங்கள் ரயிலைப் பார்க்க வந்த ஜப்பான்காரர்

ரங்கூனில் இன்சீன் பக்கம் ஓடியது சர்க்கார் ரயில். எங்களுடையது கம்பெனி ரயில். ஒரே எஞ்சின், நாலு பெட்டி. ஓடைக்கரையில் குடியிருந்த சனத்தைக் காலையில் டவுனுக்கு வேலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவரும். சின்னதுதான். ஆனால் அதை ஓட்டியவர் என் அப்பா. இன்றைக்கும் நான் அதைத் தலை நிமிர்ந்துதான் சொல்வேன்.

பிறகு மோட்டார் பஸ் வந்தது. கையைக் காட்டின இடத்தில் பஸ்காரன் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனான். எங்கள் ரயில் பெஞ்சுகள் காலியாகிவிட்டன. கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மூடினால் வேலை போகும். ஓடைக்கரையில் நாங்கள் இருந்த ரயில்வே லைன் வீடும் போகும். அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா சேதி கொண்டுவந்தார். மாமா அம்மாவுக்குத் தம்பி, அதே ரயிலில் கார்டு. ரயிலை விலைக்குக் கேட்டு ஒரு ஜப்பான்காரர் வருகிறாராம்.

"அவரு ஊர்ல அவருக்கே சொந்தமா ரயில் ஓடுதாம், மச்சான். நம்மளது மாதிரியே சின்னது. சனங்கள வேலைக்குக் கொண்டுபோய் விடுறதுதானாம்."

"அப்ப தொழில் தெரிஞ்ச ஆளுதான்," என்றார் அப்பா.

"காலி வண்டியக் காட்டினா திரும்பிப் பாக்காம கப்பலேறிடுவாரு. நிறைச்சுக் காட்டணும்."

"டிக்கெட்டுக்கு எங்கடா போறது?" என்று அம்மா கேட்டாள்.

"கார்டு நான்தானக்கா. உங்கிட்ட டிக்கெட்டு கேட்டா ராத்திரி எனக்கு யாரு சோறு போடுவா?"

அந்தப் பேச்சுக்கு அம்மா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜப்பான்காரர் வந்த அன்றைக்கு லைன் வீடுகளில் ஒருவர் மிச்சமில்லை. பிள்ளைத்தாய்ச்சிகூட ஏறினாள். மோஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் பர்மாக்காரி முகத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு, பானையோடு ஏறி இரண்டு பேர் இடத்தைப் பிடித்தாள். ஆயுத பூசைக்குத் துடைப்பதுபோல அப்பா எஞ்சினைத் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார். ஜப்பான்காரர் பெட்டியில் உட்காரவில்லை. எஞ்சினில் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

வழியில் பாலத்து ஏற்றம் ஒன்று உண்டு. பாதி பாரத்துக்கே அங்கே எஞ்சின் திணறும். அன்று அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நிற்காமல் ஏறிவிட்டது. அப்பா எப்படித்தான் ஏற்றினாரோ. டவுனில் இறங்கியதும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி அப்பாவுக்குக் குனிந்து மரியாதை செய்தார். கம்பெனித் துரைகூடச் செய்யாத மரியாதை. அப்பா கரிக்கையோடு கும்பிட்டார். அன்று லைனில் எல்லா வீட்டிலும் பாயசம்.

அவர் வாங்கினார். எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாவற்றையும் வாங்கினார். அத்தனை பாரத்தோடு அந்த ஏற்றம் ஏறுகிற எஞ்சின் தன் ரயிலுக்கு வேண்டும் என்றாராம். கழற்றிக் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்குக் கொண்டுபோகத்தான் அவர் வந்ததே. இங்கே ஓட்டுவார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாக நினைத்துக்கொண்டது.

மாமா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உன்மேல என்ன தப்பு, மாப்ளே," என்றார் அப்பா. "நல்ல வண்டின்னு காட்டினோம். நல்ல வண்டின்னுதான் வாங்கியிருக்காரு."

எஞ்சின் கப்பலேறிய பிறகு, தண்டவாளம் பிடுங்குகிற வேலையை இஷ்டப்பட்டவர்கள் செய்யலாம், அது முடிகிறவரை லைன் வீட்டிலும் இருக்கலாம் என்றது கம்பெனி. அப்பா போனார். டவுன் கோடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். முதலில் நான் எழுந்திருக்கும் முன்பே போய் இருட்டிய பிறகுதான் வருவார். போகப்போக மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கே வர ஆரம்பித்தார். ஒரு நாள் சம்மட்டிச் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. பிறகு, வாசலில் நின்றால் அப்பா குனிந்து நிமிர்வது தெரிந்தது.

"எங்கப்பாவுக்கு வேலை கிட்டக்க வந்துக்கிட்டே இருக்கு," என்று லைன் பிள்ளைகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அம்மாவிடமும் ஓடிப்போய், "அப்பா நாளைக்கு நம்ம வாசலுக்கே வந்துருவாரும்மா," என்றேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெயிலுக்காகச் சாத்துகிறாள் என்று நினைத்தேன். நான் அதைத் திறந்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, சத்தம் நெருங்க நெருங்கக் கை தட்டிக்கொண்டிருந்தேன்.