தமுக்கோடு என் வாசலுக்கு வந்த அண்ணன்

சொந்தக்காரர்களைக் கூட்டி விருந்து வைக்க ஊரெல்லாம் தமுக்கு அடித்த மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். என் கூடப்பிறந்த அண்ணன்!

எழுபதுகளில் நடந்தது. திருப்போரூர் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் ரைஸ் மில் முதலாளி. சிங்கப்பூர் சித்தப்பா, பம்பாய் அக்கா எல்லாரும் ஒன்றுகூடப் போகிறார்கள். அது ஊருக்குத் தெரியாவிட்டால் அண்ணனுக்குச் சோறு இறங்குமா?

வெள்ளைக்காரன் காலத்தில் காலராவுக்குப் பயந்து போட்ட ஊர்ச் சட்டம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். வெளியூர் ஜனத்தைக் கூட்டி விருந்து வைப்பவர் தெருத்தெருவாகத் தமுக்கு அடித்து அறிவிக்க வேண்டும். கூடவே நடந்து போய், யார் எது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். காலரா போய்விட்டது, சட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

(ஓசி விளம்பரம்!)

நான் பஸ் கண்டக்டரை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து, "எனக்கு அக்கா மட்டும்தான்" என்றே அண்ணன் சொல்லித் திரிந்தார். விருந்துக்கும் அழைப்பில்லை. "உங்க அம்மா அநாதையா?" என்று என் மகளிடம் மற்றப் பிள்ளைகள் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

ஆனால் சட்டம் எல்லாத் தெருவுக்கும்தானே? என் தெருவுக்கும் வந்தாக வேண்டும். (அண்ணன் அதை யோசிக்கவில்லை. அவ்வளவு மூளை!)

முன்னால் தமுக்கோடு தலையாரி, பின்னால் பட்டு வேட்டியில் அண்ணன். என் வீட்டைக் கண்டதும் முகத்தை எதிர்ச்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் தெருவில் இறங்கினேன்.

"தலையாரி அண்ணாத்த, நில்லு. ஒரு கேள்வி கீது. விருந்து வெக்கிறவரு கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?"

"போமே உள்ள!" என்று அண்ணன் கத்தினார். "யோவ், நீ அட்ச்சிகினு நட!"

தலையாரி குச்சியைக் கக்கத்தில் சொருகிக்கொண்டார். "பதில் சொல்லாம நவுரக் கூடாது மொதலாளி. நீங்கதான ரூலு பேசினு வந்தீங்க?"

தெருவே கூடிவிட்டது.

"ரெண்டு" என்று முனகினார் அண்ணன்.

"யாரு யாரு?" என்றேன்.

"அக்கா ஒண்ணு. இதோ, இவ ஒண்ணு."

"இவன்னா இன்னா ஒறவு?"

"என் தங்கச்சி! போதுமா? பேஜாரு!"

தலையாரி அதையும் தெருவுக்கே கேட்கும்படி கூவி, தமுக்கை ஓங்கித் தட்டினார். என் மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அது போதும். விருந்துக்கு நான் போகவில்லை. அந்தச் சோறு யாருக்கு வேண்டும்?

விருந்து முடிந்த கையோடு, அந்தச் சட்டத்தைத் தூக்கச் சொல்லி மனு போட்டவர் யார் தெரியுமா? அண்ணனேதான்! தூக்கியும் விட்டார்கள்.

உங்கள் ஊரில் இப்படி ஏதாவது பழைய சட்டம் மிச்சம் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

இன்னும் நாலு பேரைத் தெருவில் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது.