பழைய வண்டியில் பொருந்துமா?

போன வாரம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் என் செல்போனுக்கு உறை வாங்கப் போனேன். அதே கம்பெனி, அதே பெயர், பின்னால் எண் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது. பழைய உறையைப் போட்டால் கேமராவின் ஒரு கண் மூடிக்கொள்கிறது. "கேமராவ நவுத்திட்டாங்க சார். இன்னா பண்றது, வருசா வருசம் நவுத்துறாங்க" என்றார் கடைக்காரர். அவருடைய அப்பா அதே கடையில் டார்ச் லைட் விற்றவர். எந்த டார்ச்சிலும் ஒரே அளவு பாட்டரிதான் போகும். அவருக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

கடைக்காரர் புதிய பெட்டி ஒன்றைப் பிரித்தார். அந்த வாசனையில் எனக்கு ஏனோ அமோனியா ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, மூக்குக்கும் வயதாகிவிட்டது, அவ்வளவுதான். மண்வாரி எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் நான் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். வரைபடங்களை அமோனியா ஆவியில் நகலெடுக்கும் அறையில் அந்த நெடிதான். உள்ளே போனவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவான். "வீட்ல சண்டையா?" என்று கேட்போம். அங்கே ஒரு போல்ட்டை மாற்றுவதானாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: பழைய வண்டியில் இது பொருந்துமா? எங்கோ ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் நம் பழைய வண்டியை ஓட்டுகிறவன் ஏமாறக் கூடாது. இதைக் கேட்க மறந்த இளைஞர்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான் அருள்தாஸ் விஷயத்தில் அதைக் கேட்கவில்லை.

கோரமண்டல் குடியிருப்பில் எனக்கு அடுத்த வீடு அருள்தாஸ். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்தவர். பாறையைத் துளைத்த சத்தம் அவர் காதையும் துளைத்துவிட்டது. மருத்துவ முகாமில் கொடுத்த காதுக் கருவியை "பொட்டிக்குள்ள தவள கத்துது சார்" என்று கழற்றிப் போட்டுவிட்டார். பிறகு பெங்களூரில் இருக்கும் மகள் எஸ்தர் ஒரு வழி கண்டுபிடித்தாள். காது டாக்டர் ஒருவர் அருள்தாஸின் செல்போனில் ஒரு செயலியைப் போட்டு, அவர் காதுக்கேற்ப அளவுகளைத் திருத்திக் கொடுத்தார். போன் சட்டைப் பையில் இருக்கும். அதில் செருகிய ஒயர், தலையில் மாட்டிய பெரிய ஹெட்போனுக்குப் போகும். எதிரில் இருப்பவர் பேசுவதைப் போன் வாங்கி அவர் காதில் உரக்கச் சொல்லும்.

ஆகவே எங்கள் தெருவில் எல்லோரும் அவர் முகத்தை விட்டுவிட்டுச் சட்டைப் பையைப் பார்த்துப் பேசினோம். காய்காரம்மா குனிந்து பையிடம் விலை சொல்லுவாள். பாதிரியார் பையிடம் நலம் விசாரிப்பார். நான் பையிடம் அரசியல் பேசுவேன். நான் சொல்வது பிடிக்காவிட்டால், "போங்க சார், உங்களுக்கு இன்னா தெரியும்" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சிரிப்பார். எங்கள் மாலைப் பொழுதெல்லாம் இப்படித்தான் போயிற்று.

பங்காருபேட்டையில் என் பேத்தியின் கல்யாணம் வந்தது. அருள்தாஸின் போன் கண்ணாடி விரிசல் விட்டு, ரப்பர் பேண்டில் நின்றுகொண்டிருந்தது. புதிது வேண்டுமா என்று கேட்டால் மறுப்பார். கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று வாங்கிப் போய், கடையில் அதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்து வந்தேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். உண்மையைச் சொல்கிறேன்: சம்பந்தி வீட்டார் எதிரில், முதல் வரிசையில், அந்த ரப்பர் பேண்ட் தெரியக் கூடாது. அதுதான் என் எண்ணம்.

அவர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு புதிய போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இன்னா சார், ஓட்டய காணோம்?"

கடைக்கு ஓடினேன். பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்து, மற்றப் பழசுகளோடு பெங்களூருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். புதிய போனில் அந்தச் செயலியை ஏற்றி, இடையில் மாட்டும் சின்ன ஒயர் ஒன்று வாங்கினேன். அதில் பாட்டுக் கேட்டது, பேச்சுக் கேட்கவில்லை. ஒயர் இல்லாத ஹெட்போன் வாங்கினேன். "வாய் முன்னாடி போவுது, சத்தம் பின்னாடி வருது சார். தல சுத்துது" என்று கழற்றினார். அலைந்து திரிந்து, ஓட்டை உள்ள போன் ஒன்றையும் பிடித்தேன். ஒயர் கச்சிதமாகப் பொருந்தியது. செயலிதான் இந்த மாடலில் வேலை செய்யாது என்றது. டாக்டரைக் கேட்டால், அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள் என்றார்.

கல்யாணத்தில் முதல் வரிசையில்தான் உட்கார்ந்தார். "சாப்ட்டீங்களா?" என்று சம்பந்தி கேட்டதற்கு, "ரொம்ப சந்தோசங்க" என்று கும்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். "அங்கிள், அப்பா போனே எடுக்க மாட்றாரு. என் மேல எதுனா கோவமா?"

"அதெல்லாம் இல்லம்மா. இங்க டவர் சரியில்ல" என்றேன். படித்தவன் பொய், உடனே நம்பினாள். பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனாள்.

போன மாதம் ஒருநாள் அவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காக வாங்கவில்லை அருளு, எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் செய்தேன், மன்னித்துவிடு என்றேன். என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், வானத்தைக் காட்டி, "ஆமா சார், மழ வர்ற மாதிரிதான் கீது" என்றார். எழுதிக் காட்டியிருக்கலாம். தமிழ் நன்றாகவே படிப்பார். எனக்குத்தான் துணிவில்லை.

இப்போது தெருவில் யாரும் அவரிடம் நின்று பேசுவதில்லை. கையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள். நான் மட்டும் மாலையில் போய் உட்காருகிறேன். வேண்டுமென்றே அரசியலில் தப்புத் தப்பாக எதையாவது சொல்கிறேன். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார்.