ஹோபர்ட் ஸ்லோன் வெட்டிய குழி

என் மனைவி ஐவாவை அடக்கம் செய்த குழிக்காக நான் ஹோபர்ட் ஸ்லோனிடம் நானூறு டாலர் கடன்பட்டிருந்தேன். அப்படித்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் கணக்கு வேறு.

ஹோபர்ட் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவனைப் பற்றி எழுத எங்கள் சபையில் என்னைவிடப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் என் அளவுக்கு அவனை நோகடித்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

நான் டெல்மர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரே ஒரு மண்வெட்டியோடு ஆரம்பித்து, மூன்று பொக்லைன், இரண்டு லாரி என்று நின்று காட்டியவன். இந்தக் கென்டக்கி மலைப்பக்கத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்கு அஸ்திவாரம் தோண்டியது என் வண்டிதான். வங்கியில் கடன் வாங்கியதில்லை, கடையில் பற்று வைத்ததில்லை. சபைக் கட்டடத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்ததும் நானே. அப்போது நான் சபையில் அங்கத்தினன்கூட இல்லை, ஐவாதான் அங்கத்தினள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஐவா ஒரு பிப்ரவரியில் போனாள். அவளுடைய ஆட்களின் கல்லறை மலை உச்சியில் இருக்கிறது. பனி உருகி வழியெல்லாம் சேறு. யாரையும் நம்பாமல் பொக்லைனை நானே ஓட்டிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது வளைவில் அது பின்னால் சறுக்கி, ஒரு ஓக் மரத்தில் சாய்ந்து நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் தோண்டிக் கொடுத்தவனுக்குச் சொந்த மனைவிக்கு ஒரு குழி தோண்ட முடியவில்லை.

கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோபர்ட் என்னைக் கடந்து ஏறினான். பின்னால் சபை ஆட்கள் இரண்டு பேர்.

"நீ வண்டியப் பாரு டெல்மர். ஐவாவ நாங்க பாத்துக்கிறோம்."

நிலக்கரிச் சுரங்கத்தில் கிடந்து நெஞ்செல்லாம் தூசி படிந்தவன் அவன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அந்த உச்சியிலோ ஒரு முழத்துக்குக் கீழே பாறை. பொழுது சாயும்வரை உடைத்தார்கள்.

எந்தக் குழியானாலும் அவனுக்கு ஒரே முறைதான். முதல் வெட்டுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிடுவான். "ஆண்டவரே, ஸ்தோத்திரம், எனக்கு இந்த வேலையக் குடுத்தீரே" என்பான். பிறகு ஒரு பாட்டு வரியை எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் அதை இழுத்துப் பாடிக்கொண்டே வெட்டுவார்கள். வெட்டி முடித்ததும் பக்கச் சுவர்களை மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி வழவழப்பாக்குவான்.

"யார் பாக்கப் போறாங்க? இவ்வளவு நேர்த்தி எதுக்குடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கடைசி நாள்ல எழுப்ப வர்றவர் பாப்பாரு" என்றான்.

அவன் குழியை நாங்கள் வெட்டியபோது நானும் மண்வெட்டியைப் பிடித்தேன். எத்தனை தட்டியும் எனக்கு அந்த வழவழப்பு வரவில்லை.

அவன் பிறவியிலேயே நல்லவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குடித்து, மனைவி லோரீனுடைய தையல் மெஷினை விற்று, அதையும் குடித்தவன். அவளை வீட்டுக்கு இழுத்துப் போகக் குடிவெறியோடு சபை வாசலுக்கு வந்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று அவனுக்கே தெரியாது, படியில் உட்கார்ந்து அழுதான். சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் இதையேதான் சொல்வான்: "நான் திருந்திட்டு அவருகிட்டப் போகல. அவரு புடிச்ச பிறகுதான் திருந்துனேன். எங்கிட்டக் குடுக்க என்ன இருந்துச்சு? சாராய வாடை இருந்துச்சு."

நான் அதைக் கடைசி பெஞ்சில் இருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். போன மே மாதம்தான், வெறுங்கையோடு, நானும் ஓடையில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்தேன். கரையில் எல்லாரும் பாடினார்கள். வரியை எடுத்துக் கொடுக்க அவன் இல்லை.

ஐவாவை அடக்கிவிட்டு வந்து சபையில் எல்லாரும் பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹோபர்ட்டிடம் நானூறு டாலரை நீட்டினேன். எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் சபையில் போதகருக்கே சம்பளம் கிடையாது, காணிக்கைத் தட்டும் சுற்றி வராது.

"உனக்கா வெட்டுனேன்? ஐவாவுக்கு வெட்டுனேன். அவ வந்து குடுத்தா வாங்கிக்கிறேன்" என்று சிரித்தான் ஹோபர்ட்.

"எனக்கு ஓசி பழக்கமில்ல."

"தெரியுமே. நீ பரலோக வாசல்லயும் பர்ஸத் திறந்துகிட்டுத்தான் நிப்ப."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது. அன்றிலிருந்து பிடிவாதமாக இறங்கினேன். அவன் லாரி இருக்கையில் இருபது டாலர், கோழித்தீவனச் சாக்கில் நாற்பது என்று மறைத்து வைத்துவிட்டு வருவேன். இரண்டு முறை அவன் திருப்பிக் கொடுக்க வந்தான். வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விட்டேன். நானூறு தீர்ந்த அன்று கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன்: "ஐவா குழிக்கு ஹோபர்ட்டுக்குச் சேர வேண்டிய நானூறும் சேந்தாச்சு. டெல்மர் யாருக்கும் பாக்கி இல்ல." அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஓபல் என்கிற ஏழைப் பெண்ணின் கணவன் இறந்தான். அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஹோபர்ட் ஒரு குழிக்கு நானூறு வாங்குறாராமே. நீங்க என்ன கேப்பீங்க?"

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'போ, அவனைக் கூப்பிடு, ஒரு காசு வாங்கமாட்டான்' என்று. சொல்லவில்லை. சொன்னால் என் பெருமை என்னாகும்? "உனக்காக முன்னூறு" என்றேன். குறைத்துக் கொடுத்தேன் என்ற திருப்தி வேறு. அவள் கணவனுடைய வேட்டைத் துப்பாக்கியை விற்றுக் கொடுத்தாள்.

குழி பாதி தோண்டியிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே, கடப்பாரையோடு ஹோபர்ட் மேலே வந்தான். என் பொக்லைனையும் பக்கத்தில் நின்ற ஓபலையும் பார்த்தான்.

"ஏன் ஓபல், என்னக் கூப்பிடல?"

"உங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இல்ல, ஹோபர்ட்."

அவன் என்னைத் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அங்கிருந்த ஒரு கல்லறைக்கல்லில் உட்கார்ந்தான். அடக்க நேரத்தில் எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், அவன் வரி எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு யாரோ ஆரம்பித்தார்கள்.

மறுநாளே முன்னூறையும் எடுத்துக்கொண்டு ஓபல் வீட்டுக்குப் போனேன். "வேல செஞ்சீங்க, கூலி குடுத்தேன். யாருக்கும் பாக்கி இல்ல" என்று கதவைச் சாத்திவிட்டாள். அந்தப் பேச்சை எங்கே கற்றாள் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அதிகம் பேர் ஹோபர்ட்டைக் குழிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்களும் முதலில் விலை கேட்டார்கள். பனி தொடங்கியபோது அவன் படுத்துவிட்டான். லோரீன் போன் செய்தாள்: "உங்கள வரச் சொல்றாரு, டெல்மர். சீக்கிரம் வாங்க."

போனேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு காபி டப்பா.

"கைய நீட்டு" என்றான்.

"என்னடா அது?"

"உன் காசு. இருபது இருபதா ஒளிச்சு வச்சியே, அது."

"வச்சுக்கோ ஹோபர்ட். லோரீனுக்கு ஆகும்."

"லோரீன் கேட்டாளா?"

"நான் கேக்கல!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

அவனுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன. அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"இந்தா பாரு. இது எங்கிட்ட இருக்கிற வரைக்கும் நான் ஐவாவுக்குக் குழி வெட்டல, உங்கிட்ட வேல பாத்திருக்கேன். நாளைக்கு அவள அங்க பாக்கும்போது என்னடா சொல்லுவேன்? ஆண்டவர் எனக்குச் சும்மா குடுத்தாரு. அதுல ஒரு கையளவு எடுத்து நான் உனக்குக் குடுத்தேன். அதையும் கூலியாக்கிட்டியே."

"ஓபல் விஷயத்துல நான்..."

"தெரியும். அத அவகிட்டயும் அவருகிட்டயும் பேசு. கூரை போட்டேன்னு மட்டும் ஆரம்பிக்காத." மூச்சு வாங்கினான். "கைய நீட்டுடா."

எழுபத்தாறு வயதுவரை நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவன். அன்று நீட்டினேன்.

அவன் டப்பாவைத் திறந்தான். நகக்கண்ணில் கரி ஏறிய அந்த விரல்களால் ஒவ்வொரு நோட்டாக எடுத்து, நீவி, என் உள்ளங்கையில் வைத்தான். "இருபது... நாப்பது... அறுபது..." நடுவில் மூச்சுக்காக நிறுத்தினான். நான் அவசரப்படுத்தவில்லை. மீண்டும் ஆரம்பித்தான், நானூறு வரைக்கும்.