சாவு வேஷமும் மருந்துப் பையும்

கண்டாவளை டிஸ்பென்சரிக்கு நான் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாகப் போன முதல் நாள், முதலில் வந்தவருக்குக் காய்ச்சலுமில்லை, தடிமனுமில்லை. "டொக்டர் ஐயா, உங்களுக்கு நடிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கும் சவிரிமுத்து மாஸ்டர் அவர். என் உயரமும் ஒட்டிய கன்னமும் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

1. டிராக்டர் பெட்டி

தான் போட நினைத்த நாடகத்தைப் பற்றி மாஸ்டர் விளக்கினார். பல நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் கோயில் திருநாள் வந்தால், தச்சரும் ரொட்டி சுடுகிறவர்களும் வண்டில்களில் ஏறி வேதாகமக் கதைகளை நடிப்பார்களாம். இன்னொரு வகை நாடகத்தில் பேராசை, பெருமை, இரக்கம் என்று குணங்களே ஆட்களாக வந்து ஒரு மனிதனுக்காக இழுபறிப்படுமாம். கடைசியில் சாவு வரும். அவன் சேர்த்து வைத்த எதற்கும் அங்கே செல்வாக்கில்லை. இரக்கம் ஒன்றுதான் அவனுக்காகப் பரிந்து பேசும்.

"இதில எங்கட சனத்துக்குத் தெரியாத புதினம் என்ன இருக்கு, மாஸ்டர்?" என்றேன்.

"தெரிஞ்சதைத்தான் ஐயா அடிக்கடி மறக்கிறம்" என்றார்.

வண்டிலுக்குப் பதில் டிராக்டர் இழுக்கும் பெட்டி மேடையாயிற்று. எனக்குச் சாவு வேஷம். கூத்தில் வரும் எமனைப்போலக் கிரீடமும் முறுக்கு மீசையும் கேட்டேன். மாஸ்டர் மசியவில்லை.

"என்ர நாடகத்தில சாவு தெரிஞ்ச ஆள்போலத்தான் வரவேணும். உங்கட வெள்ளைக் காற்சட்டை சேட்டோட, அந்தத் தோல் மருந்துப் பையையும் கொண்டு வாங்கோ."

அப்படியே போனேன். பெட்டிப் பலகையில் தட்டி, "வெளிக்கிடு, நேரமாச்சு" என்றேன். பணக்காரனாக நடித்தவர், "நாளைக்கு வாரும்!" என்று கத்தினார். சனம் சிரித்தது. உரக்கச் சிரித்தவர் செல்லையா. இங்கே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்தவர். நான் அந்தப் பணக்காரனின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனபோது, சிரித்த சனம் வழிவிட்டுப் பின்வாங்கியது. பொய் சொல்லக் கூடாது, உத்தியோகம் கிடைத்த நாளைவிட அன்றைக்கு எனக்குப் புளுகம், அப்படியொரு சந்தோஷம்.

2. செல்லையா வீட்டுப் படலை

கொஞ்ச நாளில், வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி செல்லையாவின் காலில் பட்டுவிட்டதாகப் பக்கத்து வயல்காரர் வந்து சொன்னார். சாணமும் சேறும் கலந்த மண். ஏற்பு, அதுதான் டெட்டனஸ், வராமலிருக்க உடனே ஊசி போட வேண்டும். ஆள் வரக் காணாமல், பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நானே போய் வேலிப் படலையைத் தட்டினேன்.

அவருடைய மனைவி பூமணி வந்தார். பையைக் கண்டதும் படலையைத் திறக்காமல் நின்றுவிட்டார்.

"குறை நினையாதையுங்கோ ஐயா. அது நாடகமெண்டு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா நாடகம் பாத்த அண்டையில இருந்து உங்களைக் கண்டால் அவருக்கு நெஞ்சு பதறுது."

"பகிடி இல்லைப் பிள்ளை. ஏற்பு வந்தால் ஆளைக் காப்பாற்றேலாது" என்றேன்.

உள்ளேயிருந்து செல்லையாவின் குரல் கேட்டது: "நாளைக்கு நானே வாறன் ஐயா!"

வரவில்லை. மாஸ்டரை அனுப்பினேன். புண் காய்ந்துவிட்டது என்று அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார் செல்லையா. தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போன பிறகுதான் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வண்டிலில் ஏற்றினார்கள். பிணமாகத்தான் திரும்பி வந்தார்.

செத்த வீட்டுக்கு நான் பை இல்லாமல் போனேன். பூமணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அண்டைக்கும் இப்பிடி வெறுங்கையோட வந்திருக்கலாமே, ஐயா..."

வந்திருக்கலாம். ஊசியைச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, வயல் கதை கதைக்கப் போனவன்போலப் போயிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவில்லையே என்ற கவலை இன்னும் தீரவில்லை.

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, வீடுகளுக்குப் போனால் மருந்தைப் பனையோலைப் பையில்தான் கொண்டுபோனேன், மேலே இரண்டு கத்தரிக்காயும் வைத்து. கூட வேலை செய்த இளம் பொடியள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, தம்பிமாரே; அதைக் கொண்டு வருகிறவனுக்குப் படலை திறக்க வேண்டும்.

மாஸ்டர் பிறகு அந்த நாடகத்தைத் தொடவில்லை. நான் கேட்ட கிரீடத்தையும் மீசையையும் அவர் தந்திருக்கலாம். நாடகம் முடிந்ததும் அவற்றோடு சாவையும் கழற்றி வைத்துவிட்டு, செல்லையா வீட்டுக்கு அப்போதிக்கரியாகவே போயிருப்பேன்.