கை நனைக்காமல் தின்னும் பலகாரம்

எங்கள் பக்கம் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தால், பேச்சு முடிவாகும்வரை அங்கே கை நனைக்க மாட்டார்கள். கை நனைப்பது என்றால் சோற்றில் கை வைப்பது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. அதனால் வருகிறவர்கள் தண்ணீர்ச் சொம்பை வாங்கி ஒப்புக்கு ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள்.

இது தெரிந்தும் என் அம்மா ஒவ்வொரு முறையும் வடை பாயசத்தோடு சமைத்து வைப்பாள். அப்பா இல்லாத வீடு, நாங்கள் இரண்டே பேர். வந்தவர்கள் மக்காச்சோளக் காட்டைப் பார்ப்பார்கள், போர்வெல் எத்தனை அடி என்பார்கள், கடைசியில் வழக்கமான கேள்விக்கு வருவார்கள். "தம்பிக்கு வேற வேலை ஏதும் இல்லீங்களா?" விவசாயம் வேலை இல்லையாம்! தின்பது மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வாய் துடிக்கும். அம்மா கண்ணாலேயே அடக்கிவிடுவாள். "பேசிட்டுச் சொல்றோங்க" என்று போனவர்கள் யாரும் சொன்னதில்லை. அந்தப் பாயசத்தை மறுநாளும் நான்தான் குடிப்பேன்.

ஒருநாள் அம்மா வெடித்தாள். "சோறுதானடா வேண்டாங்குறாங்க? முறுக்கு திங்க எதுக்குக் கை நனைக்கணும்? என் கைப் பக்குவம் ஒரு வாட்டி நாக்குல பட்டுச்சுன்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

கிறுக்குத்தனம் என்று சிரித்தேன். அவள் கேட்கவில்லை. எங்கள் காட்டு மக்காச்சோளத்தை மாவாக்கி, சின்ன வெங்காயத்தை அரைத்து ஊற்றிப் பிசைந்தாள். முறுக்கு அன்று சாயந்தரமே நமுத்துப்போனது. அப்புறம் வெங்காயத்தை நறுக்கி, வெயிலில் சருகாகக் காயவைத்து, பொடித்துச் சேர்த்தாள். அடேயப்பா! கடித்தால் நொறுங்கியது, வாயில் வெங்காய பஜ்ஜி மணம் நின்றது. அடுத்தடுத்து வந்தவர்கள் கிளம்பும்போது ஆளுக்கொரு பொட்டலம் திணித்தாள். "வழியில திங்கிறதுக்குங்க. இது சாப்பாட்டுக் கணக்குல வராது." வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடமிருந்தும் சம்மதம் வரவில்லை.

பிறகு கீழப்பழுவூரில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். காபி கொடுத்த கையோடு அவள் நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். "மழை ஏமாத்திடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" நான், "அடுத்த மழைக்கு விதை வாங்கி வைப்பேன்" என்றேன். சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் நான் விழுந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது? அவள் அப்பா எங்கள் வீடு பார்க்க வந்தபோது அம்மா இரண்டு பொட்டலம் கொடுத்தாள். ஒன்று அவளுக்கென்று சொல்லியே கொடுத்தாள். நான் போனை மடியில் வைத்துக்கொண்டே காட்டில் தண்ணீர் பாய்ச்சினேன்.

தரகர்தான் கூப்பிட்டார். "பொண்ணே வேண்டாங்குது தம்பி. டவுன்ல ஆபீஸ் வேலை பாக்குற மாப்பிள்ளையா பாக்கச் சொல்லுது."

அதன் பிறகு யாரையும் வரச் சொல்லவில்லை. அம்மா சும்மா இருக்க முடியாமல் முறுக்கு சுட்டாள், நான் பெரம்பலூர் டீக்கடைகளில் கொண்டுபோய்ப் போட்டேன். அது பிய்த்துக்கொண்டு போனது. சொந்தக்காரர்கள் சொல்வார்கள், "பொண்ணு அமைஞ்சிருந்தா இந்த யோசனையெல்லாம் வந்திருக்குமா? எல்லாம் நல்லதுக்குத்தான்." கேட்கும்போது பற்றிக்கொண்டு வரும். எவனுக்கு வேண்டும் அந்த நல்லது?

ஒரு காலையில் அந்தப் பெண்ணின் அப்பாவே கூப்பிட்டார். "தம்பி, பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். சீர் பலகாரத்துல உங்க வூட்டு முறுக்குதான் வேணும்னு ஒரே புடியா நிக்குது."

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா போனைப் பிடுங்கி, "சுட்டுத் தரோங்க" என்றாள். அந்த முறுக்கைப்போல அவள் அதற்கு முன்னும் சுடவில்லை, பின்னும் சுடவில்லை. ஒன்று உடைந்தாலும் தனியே எடுத்து வைத்தாள்.

பந்தல் போட்டிருந்த அந்த வீட்டில் நானே கொண்டுபோய் இறக்கினேன். கிளம்பப் போனவனை அவள் அப்பா விடவில்லை. "கல்யாண வூட்டுக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போனா எங்களுக்குக் குறை தம்பி." பாவம், அவர் மனதில் ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் சாப்பிட்டேன். அவள் உள்ளே யாரோடோ சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "முறுக்கு நல்லாருக்குன்னு சொன்னாளா?"

"சொன்னாங்கம்மா" என்றேன். யாரும் சொல்லவில்லை.

சந்தோஷமாகத் தலையாட்டினாள். திடீரென்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"என் முறுக்கு புடிச்சவளுக்கு என் மவன ஏன்டா புடிக்காமப் போச்சு?"