பலிபீடத்து உப்பு

குரக்களி வந்து நீங்கள் தரையில் புரண்டதுண்டா? கெண்டைச் சதை சுருண்டு கல்லாக இறுகிக்கொள்ளும். கடா மாதிரி இருக்கிற ஆண்பிள்ளைகூட அம்மாவைக் கூப்பிட்டு அலறுவான். ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவில் கோலா சாவா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் தினமும் நாலு பேர் அப்படி விழுந்தார்கள். பால்மரம் சீவுவது நின்றுபோய், கொளுத்தும் வெயிலில் மரவள்ளிக்கு மேடு வெட்டினோம். சாப்பாடும் அதே மரவள்ளிதான். உப்பு வாரத்துக்கு ஒரு கைப்பிடி.

அந்த ஒரு கைப்பிடியையும் என்ன செய்தோம் தெரியுமா? வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவில் பலிபீடத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். உடம்பு நோவு தீர அம்மனுக்கு உப்பு கொட்டுவது எங்கள் வழக்கம். "ஆத்தா கோவமா இருக்கா, உப்பு போடுங்க, காலு நோவு கரைஞ்சிரும்" என்று கிளப்பிவிட்டவன் கங்காணி நல்லசாமி. கோவில் சாவி அவன் இடுப்பில். சனிக்கிழமை காலையில் பீடம் துடைத்துவிட்டது போலிருக்கும். அவன் வீட்டில் மட்டும் எவருக்கும் கால் பிடிக்கவில்லை. எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். என் புத்தியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பஞ்சாலை என்னோடு புல் வெட்டியவள், பக்கத்து லயத்துக்காரி. வாய் கொஞ்சம் அதிகம். அவள் புருஷன் மாயாண்டி இரண்டு முறை வேலையிலேயே விழுந்துவிட்டான். ஆட்கள் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அவள் அவர்களைத் தள்ளிவிட்டு, அவன் முழங்காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை அவன் முகத்தைப் பார்க்க மடக்கி மெல்ல அழுத்துவாள். சதை இளகும். ஆனால் கங்காணி சொல்லிவிட்டான்: "இன்னொரு வாட்டி விழுந்தான்னா, சயாம் ரயிலு வேலைக்கு அவன் பேரைத்தான் குடுப்பேன்." ஜப்பான்காரன் ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோன எங்கள் ஆட்களில் ஒருத்தன்கூட அதுவரை திரும்பவில்லை.

ஒரு வாரம் கங்காணியோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் கோவிலுக்கே போகவில்லை. உப்பைக் கஞ்சியில் போட்டாள். அந்த வாரம் முழுக்க மாயாண்டிக்குக் கால் பிடிக்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த வெள்ளி, பூசை நடக்கும்போதே பீடத்து உப்பை முந்தானையில் வாரினாள்.

"ஏய் பஞ்சாலை, ஆத்தா கண்ணைப் புடுங்கிருவா!" என்று கங்காணி பாய்ந்தான்.

"ஆத்தாவா திங்குறா? உன் வீட்டு மீன் கொழம்புதான் திங்குது! ஒடம்புல இருந்த உப்பெல்லாம் வேர்வையா போவுது, மிச்சத்தையும் உன்கிட்டக் கொட்டுறோம். போதும்லா!"

அன்றைக்கே அண்டாவில் கஞ்சி காய்ச்சி, உப்பைக் கரைத்து எல்லாருக்கும் ஊற்றினாள். அடுத்த வாரம் எவரும் பீடத்தில் கொட்டவில்லை. விழுவது நின்றது. மாயாண்டி நிமிர்ந்து நின்று மண்வெட்டி போட்டான்.

பத்தாம் நாள் காலையில் சயாமுக்கு ஆள் ஏற்ற லோரி வந்தது. அதில் வந்த ஜப்பான் சிப்பாய் கங்காணியின் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நிற்கிற பதினைந்து பேரை விரலால் காட்டினான். முதல் விரல் மாயாண்டியின் மேல். நொண்டுகிறவன் எவனும் வேண்டாமாம்! கீழே விழுந்தால் சயாம் என்று மிரட்டினானே அந்தப் பாவிக் கங்காணி, அவனை நம்பிப் பஞ்சாலை புருஷனின் காலைத் தேற்றி வைத்திருந்தாள்.

பதினைந்தாவது விரல் கங்காணியைக் காட்டியது. "ஐயோ, காலு!" என்று தொப்பென விழுந்து, கெண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

பஞ்சாலை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கெண்டையை அமுக்கினாள். "குரக்களின்னா கல்லாட்டம் இருக்கணும்லா. இது பிசைஞ்ச மாவாட்டம் இருக்கு" என்றாள். சிப்பாயின் கையைப் பிடித்து இழுத்து அந்தச் சதை மேல் வைத்தாள். தொட்டுப் பார்த்தவன் சிரித்தான். மறு நிமிடம் கங்காணி லோரிக்குள் கிடந்தான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை. பஞ்சாலைதான் சிரிக்கவில்லை. லோரி நகர்ந்ததும் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கங்காணியைப் பார்த்துத்தான் கத்தினாள்.

"யோவ், அங்க அவருக்குக் காலு புடிச்சா எண்ணெய் கிண்ணெய் தேய்க்காத! முட்டியை நீட்டி, பாதத்தை மொகத்தைப் பாக்க மடக்கி அமுக்கு. கேக்குதா? அவரை விட்டுட்டு நீ மட்டும் திரும்பி வந்தே, வெட்டிப் போட்டுருவேன்!"